கடை வாசலில் ஒரு பலகை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போனேன். காசிமேட்டைத் தாண்டி வடக்கே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு தெரு வந்து சேர்கிற முனையில் இருக்கும் சின்ன மளிகைக் கடை அது. நான் எட்டாவது படிக்கும்போது அந்தக் கடையைத் திறந்த அண்ணாச்சிதான் இன்றைக்கும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பாக்கெட் பால், அரை கிலோ சர்க்கரை, அப்பாவின் ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி. மூன்று நிமிட வேலை. மதியம் போனில் ஒரு செய்தி வந்தது: நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு 500 ரூபாய் அபராதம்.

தப்பு என்னுடையதுதான். பலகை இருந்தது, நான் பார்க்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் வண்டி நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கண்டெய்னர் டிரெய்லர் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை டிரெய்லர்கள். நான் போகும்போதும் நின்றன, திரும்பும்போதும் நின்றன, சாயங்காலம் டீ குடிக்கப் போனபோதும் அநேகமாக அதே வண்டிகள்தான் நின்றன. மூன்று நிமிடம் நின்ற என் பைக் 'பார்க்கிங்'. பல மணி நேரம் நின்ற டிரெய்லர் 'பார்க்கிங்' இல்லை. எப்படி?

கேலிக்காகக் கேட்ட கேள்வி இல்லை இது. தேடிப் பார்த்தபோது இதற்கு ஒழுங்கான சட்டப் பதிலே இருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்து ராயபுரம் வரலாறும் இருக்கிறது. இரண்டையும் ஒரு குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

நிற்பது வேறு, நிறுத்துவது வேறு

முதலில் பலகை. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இது 'நோ பார்க்கிங்'. அதே வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி மாதிரி இருந்தால் 'நிற்கவே கூடாது' என்று அர்த்தம். நம்மில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. லைசென்ஸ் எடுத்து இருபது வருஷமாகியும் எனக்குத் தெரியாது.

இந்தக் குறிகள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் 1968இல் வியன்னாவில் போடப்பட்ட சாலைக் குறிகள் ஒப்பந்தம். இந்தியா 1980இல் அதில் சேர்ந்தது. ஆட்களை ஏற்றவோ இறக்கவோ, சரக்கை ஏற்றவோ இறக்கவோ தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் ஒரு வண்டி அசையாமல் இருந்தால், அந்த ஒப்பந்தப்படி அது 'நிற்கிறது'. அதைத் தாண்டி இருந்தால் 'நிறுத்தப்பட்டிருக்கிறது'. ஆனால் இன்னொரு வண்டியின் மேல் மோதாமல் இருக்கவோ, போக்குவரத்து விதிக்குக் கட்டுப்பட்டோ அசையாமல் இருந்தால் அது 'நிறுத்தப்பட்ட' வண்டி ஆகாது.

இப்போது டிரெய்லரைப் பாருங்கள். அது ஏன் நிற்கிறது? முன்னால் இன்னொரு டிரெய்லர் நிற்பதால். அது ஏன்? அதற்கு முன்னால் இன்னொன்று. இப்படியே போனால் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் போய் முடியும். ஆக, அந்த வரிசையில் இருக்கிற ஒரு வண்டிகூட பார்க்கிங் செய்யவில்லை. எல்லாம் 'போய்க்கொண்டிருக்கின்றன'. மணிக்கு நூறு மீட்டர் வேகத்தில் போனாலும் போக்குவரத்துதான். டிரைவர் சீட்டுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாலும் போக்குவரத்துதான்.

என் பைக்தான் கோட்டை மீறியது. அதில் ஆளில்லை. நான் கடைக்குள் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம்

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது பழைய சட்டம். 1861ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தில் 34ஆவது பிரிவு தெருவில் செய்யக் கூடாதவற்றைப் பட்டியல் போடுகிறது. சரக்கை ஏற்றி இறக்கவும் ஆட்களை ஏற்றி இறக்கவும் தேவைப்படும் நேரத்தைத் தாண்டி மாட்டையோ வண்டியையோ தெருவில் நிற்க வைப்பது குற்றம் என்பது அதில் ஒன்று. அபராதம் 50 ரூபாய் வரை. அந்தக் காலத்து 50 ரூபாய்! அல்லது, நீதிபதி நினைத்தால், எட்டு நாள் வரை சிறை.

தண்டனை கடுமைதான். ஆனால் அந்த வாக்கியத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். 'இங்கே நிற்காதே' என்று அது சொல்லவில்லை. 'வேலை முடிந்ததும் கிளம்பு' என்று சொல்கிறது. கடைக்கு அரிசி மூட்டை இறக்க வந்த மாட்டு வண்டிக்குத் தெருவில் உரிமை இருந்தது. இறக்கி முடித்த பிறகுதான் அது இடைஞ்சல். அளவுகோல் இடம் இல்லை, தேவை.

பிறகு நகரம் மாறியது. சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓட ஆரம்பித்து 1953 வரை ஓடியது. டிராமுக்கு ஒரு குணம் உண்டு: ஒதுங்கிப் போகத் தெரியாது. தண்டவாளத்தில் ஒரு கட்டை வண்டி நின்றால் பின்னால் வரும் மொத்த டிராமும் நிற்கும். மோட்டார் வண்டிகள் வந்தன. 1914, 1939, 1988 என்று மோட்டார் வாகனச் சட்டங்கள் வந்தன. அளவுகோல் தேவையிலிருந்து மெல்ல இடத்துக்கு நகர்ந்தது. 1989இல் வந்த சாலை விதிமுறைகள் எங்கெங்கே நிறுத்தக் கூடாது என்று வரிசையாகச் சொல்லின: சந்திப்பில், வளைவில், நடைபாதையில், பஸ் ஸ்டாப் பக்கத்தில், பள்ளி, ஆஸ்பத்திரி வாசலில், மெயின் ரோட்டில். நியாயமான பட்டியல்தான். ஆனால் மெயின் ரோட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கடைக்கு இந்தப் பட்டியலில் மூச்சு விட இடம் இல்லை.

முன்பு காத்திருந்தது கப்பல்

சரி, டிரெய்லர் வரிசைக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது?

துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையைத் தொட்டதே இல்லை. தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் சரக்கையும் ஆட்களையும் இறக்கிக்கொண்டு வரும். அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் குடியிருந்த பகுதிதான் ராயபுரம். ராயப்பர் என்று நாம் சொல்லும் புனித பீட்டரின் பெயரைத் தாங்கிய ஊர். கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற அந்தக் கடல் பரப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'மெட்ராஸ் ரோட்ஸ்'. ஆங்கிலத்தில் கப்பல் நிற்கும் திறந்த கடலுக்கும் 'ரோட்' என்றுதான் பெயர். பழைய கடிதங்களில் 'கப்பல் மெட்ராஸ் ரோட்ஸில் நிற்கிறது' என்று வந்தால் அது தெருவில் இல்லை, தண்ணீரில்.

அதாவது அந்தக் காலத்தில் காத்திருக்கும் வேலையைக் கப்பல் செய்தது. நாள் கணக்காக, சில சமயம் வாரக் கணக்காக. ஊருக்கு அதனால் நெரிசல் இல்லை.

1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிக் கிளம்பியது. 1861இல் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்கும் நேரத்தில், 1881 நவம்பரில், புயல் வந்து அலைதடுப்புச் சுவரைப் புரட்டிப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கே பார்த்திருந்த வாசலை மூடி வடகிழக்கே திருப்பினார். அதன் பிறகுதான் துறைமுகம் நிம்மதியாக வேலை செய்தது.

ஆனால் அந்தச் சுவர்களுக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. நம் கரையோரமாக மணல் வருஷத்தின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டின் கிழக்குப் பக்கம் நீங்கள் பார்க்கிற கருங்கல் குவியல் அதனால்தான். எங்கள் அம்மா சின்ன வயசில் விளையாடிய கரை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

பார்க்கிங் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்றால், ரோட்டை அகலப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி 'எந்தப் பக்கம்?'. கிழக்கே கடல். மேற்கே வீடு, கடை, கோயில், சர்ச். இடத்தை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டது துறைமுகத்தின் சுவர். மறுபக்கம் இருந்ததை நிரப்பியது துறைமுகத்தின் லாரி.

பெட்டி வந்த பிறகு

1956 ஏப்ரலில் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனிக்காரர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் யுகம் அங்கே ஆரம்பித்தது. சென்னைத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே கண்டெய்னருக்கென்று தனியாகக் கட்டிய முதல் முனையம். 2001இல் அதைத் தனியார் நடத்த ஆரம்பித்தார்கள். 2009இல் இரண்டாவது முனையம் வந்தது. 2010-11இல் கையாண்ட கண்டெய்னர்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 15 லட்சத்தைத் தாண்டின.

பெட்டியின் மொத்த லாபமும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: கப்பல் காத்திருக்கக் கூடாது. பல நாள் இறக்கின சரக்கை இப்போது மணிக் கணக்கில் இறக்குகிறார்கள். ஆனால் காத்திருப்பு காணாமல் போகாது. கப்பலிலிருந்து அதை எடுத்தால் யார்டில் வைக்க வேண்டும். யார்டு நிறைந்தால் கேட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்.

சாஃப்ட்வேர்காரனுக்கு இது தெரிந்த கணக்கு. சர்வர் வேகத்தை விட ரிக்வெஸ்ட் அதிகமாக வந்தால் க்யூ நீளும். கணக்குக்காக, கேட்டில் மணிக்கு 60 வண்டி உள்ளே போகிறது என்று வைப்போம். வருவது மணிக்கு 80. வித்தியாசம் வெறும் 20. ஆறு மணி நேரத்தில் 120 வண்டிகள் வெளியே நிற்கும். டிரெய்லர், இடைவெளி எல்லாம் சேர்த்து வண்டிக்கு 18 மீட்டர் என்றால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். கடைசி வண்டிக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு. கேட்டில் ஒரு லேன் மூடினாலோ, ஸ்கேனர் பழுதானாலோ, கப்பல் கிளம்பும் நாளுக்கு முன் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தாலோ வரிசை எண்ணூர் வரை போகும். போயிருக்கிறது.

என் வேலையில் க்யூ நீண்டால் மெமரி வாங்க வேண்டும், அதற்குக் காசு. இங்கே க்யூவை வைத்துக்கொள்ளும் மெமரி எங்கள் ரோடு. யாருக்கும் பில் வராது. சரியாகச் சொன்னால் பில் வருகிறது, வேறு விலாசத்துக்கு. டிரைவருக்கு வருகிறது: பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் படி, நின்ற நேரத்துக்கு ஒன்றும் இல்லை, ஒண்ணுக்குப் போகக்கூட இடம் இல்லை. டிரெய்லர்களுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிறது. அண்ணாச்சிக்கு வருகிறது.

தீர்வு பேசாமல் இல்லை. 1990களின் கடைசியிலேயே எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ரோடு, திருவொற்றியூர் பொன்னேரி பஞ்செட்டி ரோடு, உள்வட்டச் சாலையின் வடபகுதி என நான்கையும் சேர்த்து சுமார் 30 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டார்கள். வேலை வேகம் பிடிக்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. துறைமுகம் மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல். 2012இல் வேலை நின்றது. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். நடுவில் எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்தது. நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் நின்று, ராயபுரத்து மொட்டை மாடிகளில் கரித்தூள் குறைந்தது. பெட்டிகள் மட்டும் தொடர்ந்தன.

அண்ணாச்சியிடம் கேட்டேன்

அபராதம் கட்டிய மறுநாள் கடைக்கு நடந்தே போனேன். "என்ன தம்பி, வண்டி இல்லாம?" என்றார். சொன்னேன். "ஒங்களுக்குமா?" என்று சிரித்தார். பலகை வந்ததிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் இறங்குவதில்லையாம். வண்டியில் உட்கார்ந்தபடியே "அண்ணாச்சி, ஒரு பால்" என்று கத்துவார்கள். அவர் கல்லாவை விட்டு எழுந்து போய்க் கொடுக்க வேண்டும். முட்டி வலி. அரிசி மூட்டை இறக்க வரும் மினி லாரிக்காரர் விடியற்காலை நாலு மணிக்குத்தான் வருகிறார்.

அப்போதுதான் கடைச் சுவரைக் கவனித்தேன். சுண்ணாம்புக்குக் கீழே மங்கின பெயிண்டில் ஒரு வரி: 'கடை முன் வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' சென்னையில் பாதி கேட்டுகளில் இருக்கிற வரிதான். எழுதியது யார் என்று கேட்டேன். "நான்தான் தம்பி. அப்பல்லாம் லாரிக்காரன் வாசல அடைச்சு நிப்பாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவான்."

அவருடைய பலகை சட்டப்படி செல்லாது. தெருவில் யார் எங்கே நிறுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும்தான். வீட்டு, கடை வாசல்களில் சொந்தமாக 'நோ பார்க்கிங்' பலகையும் மணல் மூட்டையும் வைப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று 2024இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்ததும் நினைவிருக்கலாம். ஆக, அண்ணாச்சி கேட்டது அவருடைய வாசலுக்கு ஒரு தடை. முப்பது வருஷம் கழித்து வந்ததும் அதே வாசலுக்கு ஒரு தடைதான். அவர் கேட்டது லாரிக்கு. அது விழுந்தது வாடிக்கையாளர் மேல்.

"அப்ப இந்த டிரெய்லர் வரிசையே போயிட்டா நல்லதுதானே?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: "ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கடை ஏன் தெறந்திருக்கு தெரியுமா? தண்ணி பாட்டில், பிஸ்கட், சோப்பு. எல்லாம் டிரைவருங்கதான். இந்த ஏரியா ஆளுங்க பாதிப் பேரு போன்ல ஆர்டர் போட்டுடறாங்க. அந்தப் பாலம் வந்துட்டா நான் கடைய மூடிட்டு ஊருக்குப் போயிருவேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வரிசை அவர் வாசலை அடைத்தது, அவர் பிழைப்பையும் ஓட்டுகிறது.

நேரம் போட்ட பலகை

1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வைக்கப்பட்டது. கார்ல் மகீ என்ற பத்திரிகையாளரின் யோசனை. வண்டிகளைத் துரத்துவதற்காக அது வரவில்லை. ஆபீஸ் போகிறவர்கள் காலையில் கடை வாசலில் காரைப் போட்டுவிட்டு சாயங்காலம்தான் எடுத்தார்கள், வாங்க வருகிறவருக்கு இடமில்லை என்பது கடைக்காரர்களின் புகார். மீட்டர் செய்தது 1861 சட்டத்தின் அதே வேலை: 'நிற்கலாம், வேலை முடிந்ததும் கிளம்பு.'

நம்மிடமும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, எந்த இடத்தில் வண்டிகள் நிற்கலாம் என்று உள்ளாட்சியுடன் கலந்து அரசு தீர்மானிக்கலாம் என்கிறது. கால வரம்பில்லாமலோ, குறிப்பிட்ட நேரத்துக்கோ. அந்த 'குறிப்பிட்ட நேரத்துக்கு' என்பதைத்தான் நம் தெருக்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை. கடை முனையில் இரண்டு பைக்குக்குப் பத்து நிமிடம் என்று ஒரு பலகை வைக்க சட்டம் தடுக்கவில்லை. டிரெய்லர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் உள்ள ஒரு யார்டைத் தீர்மானித்து, டோக்கன் நேரத்துக்குத்தான் ரோட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லவும் அதே பிரிவு உதவும். யார்டு வாசலில் ஒரு மளிகைக் கடை போட இடம் இருந்தால் அண்ணாச்சி ஊருக்குப் போக வேண்டியதில்லை.

இப்போதைக்கு நான் நடந்தே போகிறேன். நேற்று ஒரு டிரெய்லர் டிரைவர் என்னிடம் ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். திருச்சிப் பக்கத்துக்காரர். எப்போது வரிசையில் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "முந்தாநாள் ராத்திரி சார்" என்றார். அவர் வண்டி நின்றது அண்ணாச்சி கடைக்கு நேர் எதிரே. பலகை அவருக்கு நன்றாகவே தெரியும் தூரத்தில்தான் இருந்தது.

ராயபுரம், காசிமேடு பக்கம் 1980களுக்கு முந்தைய தெருப் படங்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கடைகளும் அவற்றின் முன் நிற்கும் வண்டிகளும் தெரிகிற படம் என்றால் ரொம்ப உதவியாக இருக்கும்.